வாடகைக்கு இருப்பவரின் புகாரை வாங்க மறுக்காதீர்கள்: உரிமையாளர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

வாடகைக்கு விடப்பட்ட வீடுகளின் பழுதுகள் குறித்துச் சென்ற கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தைப் படித்தேன். அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வாடகைக்கு இருப்பவர் கொண்டுவரும் புகாரை அலுவலகம் இனிப் பதிவு செய்யாது. உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் வந்தால்தான் எடுத்துக்கொள்ளும். அப்படி வந்த புகாருக்கும் மாதாந்திரக் கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்த பிறகே ஆள் அனுப்பப்படும். பழுதுக்குக் காரணம் 'வாடகைதாரரின் தவறான பயன்பாடு' என்று குழு கருதினால், பொதுக் குழாயில் நடக்கும் வேலைக்கும் சேர்த்து அந்த வீட்டு உரிமையாளரே பணம் கட்ட வேண்டும்.

இந்தக் கட்டடத்தில் எனக்கு வீடு இருக்கிறது. நான் அதில் குடியில்லை. முதலீடாக வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். வேறு கட்டடங்களிலும் அப்படியே. வாடகைதாரர்மேல் இரக்கப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறேன். இந்தத் தீர்மானம் உங்கள் பணத்தையும் சேர்த்துத்தான் கரைக்கப்போகிறது.

தீர்மானம் காகிதத்தில் ஏறும் முன்பே உங்கள் அலுவலகம் இப்படித்தான் நடந்துகொண்டது. என் வீட்டுக் குளியலறைக் கூரையில், குழாய்கள் போகும் டக்டை ஒட்டிய மூலையில், ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. குடியிருந்த அம்மா உடனே படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, அலுவலகத்துக்கும் நேரில் போனார். "ஓனரை வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். நான் இருப்பது வேறு ஊர். மின்னஞ்சல் அனுப்பினேன், கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும் என்றார்கள். காகிதம் போனது, அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள். கூட்டத்தில் வைத்தார்கள், மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி கேட்கலாம் என்று முடிவெடுத்துக் கலைந்தார்கள். அதற்குள் கறை இருந்த இடத்தில் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. நல்லவேளை, அந்த நேரத்தில் உள்ளே யாரும் இல்லை. மேலே பார்த்தால் கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது.

பிறகுதான் டக்டைத் திறந்தார்கள். மேல்மாடியிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாயின் ஜாயிண்ட் விரிசல் விட்டிருந்ததை பிளம்பர் காட்டினார். அது பொதுக் குழாய். டக்ட் கதவின் சாவி உங்கள் அலுவலகத்தில் தொங்குகிறது. என் வாடகைதாரர் நினைத்தாலும் அந்தக் குழாயைத் தொட முடியாது. ஆனாலும் எனக்கு வந்த பில்லில் காரணம் என்ற இடத்தில் 'வாடகைதாரரின் தவறான பயன்பாடு' என்று எழுதியிருந்தது. குளித்ததைத்தான் தவறான பயன்பாடு என்கிறீர்களோ என்னவோ!

உங்களில் பலருக்குக் கசிவு என்றால் சுவர் அசிங்கமாகும், பெயின்ட் அடித்தால் சரியாகும் என்ற எண்ணம் இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் நடப்பது வேறு. புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது. அதன் பிஎச் அளவு 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் கம்பியின்மேல் மெல்லிய படலத்தை உண்டாக்கி, துரு ஏறாமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறும்போது காரம் குறைகிறது. பிஎச் 9 பக்கம் இறங்கினால் அந்தப் படலம் போய்விடும். அதன்பின் துரு பிடிக்க வேண்டியது ஈரமும் காற்றும் மட்டும். கழிவுநீர்க் கசிவில் உப்புகளும் கலந்து வருவதால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். இரும்பு துருவானால் அதன் பருமன் 2 முதல் 6 மடங்கு வரை பெருகும். உள்ளிருந்து வரும் அந்த அழுத்தம் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. என் வீட்டில் விழுந்த பூச்சு அப்படி விழுந்ததுதான். அந்தத் தளம் என் கூரை; மேல்வீட்டுக்காரருக்கு அதுவே தரை. அதைத் தாங்கும் விட்டமும் தூணும் எல்லோருக்கும் பொது. கம்பிக்கு யார் ஓனர், யார் வாடகை என்று தெரியாது.

கூரையில் கறை தெரியும் நாளன்று கசிவு தொடங்குவதில்லை. அதற்கு வெகு முன்பே தொடங்கி, தளம் ஊறி, பூச்சைத் தாண்டித்தான் கண்ணுக்குப் படுகிறது. ஆகவே கறையைப் பார்த்த நாளே தாமதமான நாள். அதன்மேல் நீங்கள் ஒரு கடிதத்தையும், ஒரு கூட்டத்தையும், மூன்று விலைப்புள்ளிகளையும் ஏற்றுகிறீர்கள்.

வினாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 4 சொட்டுக்கு 1 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 21 லிட்டருக்கு மேல் ஆகிறது. உங்கள் ஒப்புதல் முறையில் மிக வேகமாகப் போனாலும் ஒரு மாதம். 600 லிட்டருக்கு மேலான அழுக்குத் தண்ணீரைத் தளத்துக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, ஒரு ஜாயிண்ட்டுக்கான செலவில் சிக்கனம் பார்த்ததாகக் கணக்கு எழுதுகிறீர்கள்.

இந்தக் கசிவை முதலில் கண்டவர் யார்? நானல்ல. நீங்களும் அல்ல. அந்தக் குளியலறையை அன்றாடம் புழங்கிய வாடகைதாரர். ஃப்ளஷ் ஓயாமல் ஓடுகிற சத்தம், சுவிட்சைத் தொட்டால் சுள்ளென்று இழுப்பது, ஜன்னல் ஓரம் மழைநீர் இறங்குவது, இதையெல்லாம் வீட்டில் இருப்பவர்தான் கேட்பார், பார்ப்பார். வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்குத் தெரியும்போது அது இரண்டாம் கைச் செய்தி. பல வீடுகளை வாடகைக்கு விட்ட அனுபவத்தில் சொல்கிறேன்: அடிக்கடி போன் செய்யும் வாடகைதாரரைக் கண்டு நான் பயந்ததில்லை. வருடம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவர் காலி செய்யும்போதுதான் சமையலறைத் தொட்டிக்குக் கீழே பலகை உளுத்துப் போயிருப்பது தெரியவரும். சொன்னால் திட்டு விழுமோ, வாடகை ஏறுமோ, காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்தவர் வாயைத் திறப்பதில்லை. நீங்கள் அந்த மௌனத்தைச் சட்டமாக்கியிருக்கிறீர்கள். தீ அலாரம் அடிக்கடி அடிக்கிறது என்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டடம் அமைதியாக இருக்கிறது என்று மகிழ்வது போல இருக்கிறது இது.

இனி 'தவறான பயன்பாடு'. தீர்மானத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது இந்தப் பகுதிதான், ஏனென்றால் இதை யார், எப்படித் தீர்மானிப்பது என்று ஒரு வரிகூட இல்லை. சுவரில் பூஞ்சை என்றால் "அவங்க ஜன்னலே திறக்கறதில்லை", "துணியை உள்ளேயே காயப்போடறாங்க" என்று கூட்டத்தில் சொல்லப்படுவது வழக்கம். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். குளிர்ந்த சுவரில் காற்றிலுள்ள ஈரம் படிவது உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஈரம் படிவதால் வரும் பூஞ்சை, அலமாரிக்குப் பின்னால், வெளிச்சுவர் மூலைகளில், ஜன்னல் ஓரங்களில் கரும்புள்ளிகளாக வரும், குளிர்காலத்தில் கூடும். கசிவால் வரும் கறைக்கு விளிம்பில் பழுப்பு வளையம் இருக்கும், மேல்வீட்டில் தண்ணீர் புழங்கும்போது பெரிதாகும், காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். இன்னும் சந்தேகமா? சுவரைத் துடைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நீர் முத்தினால் காற்றிலுள்ள ஈரம். சுவர்ப் பக்கம் முத்தினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மேல்வீட்டுக் குளியலறைத் தரையில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் பாதை தெரிந்துவிடும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு இரவிலும் காலையிலும் மீட்டரைக் குறித்தால் நன்னீர்க் குழாய்க் கசிவும் பிடிபடும். இதில் எதற்கும் பெரிய செலவில்லை. என் வீட்டில் இவற்றில் ஒன்றுகூடச் செய்யப்படவில்லை. கூட்டத்தில் ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள், பில் வந்தது.

பழக்கத்தின்மேல் பழி போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு வாடகை வீட்டில் பூஞ்சை இருப்பதாக 2017இலேயே ஒரு தந்தை புகார் செய்தார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவருடைய இரண்டு வயது மகன் அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். நீண்ட காலம் பூஞ்சை நிறைந்த வீட்டில் இருந்ததால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். காற்றோட்டம் போதாததையும் அவர் சுட்டிக்காட்டினார். வீட்டை நிர்வகித்தவர்கள் குடும்பத்தின் வாழ்க்கை முறையைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னர் 2023இல் அங்கே வந்த சமூக வீட்டுவசதிச் சட்டத்தில், இத்தகைய ஆபத்துகளைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்யும் கடமை அந்தச் சிறுவனின் பெயராலேயே அறியப்படும் பகுதியாகச் சேர்க்கப்பட்டது. நம் கட்டடத்தில் நிலைமை அவ்வளவு மோசம் என்று நான் சொல்லவில்லை. பேசும் விதம் ஒன்றாக இருக்கிறது என்கிறேன்.

ஈரமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறுகளும், சுவாசத் தொற்றும், ஆஸ்துமா கூடுவதும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வராது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. மணிக்கணக்கில் அளக்க வேண்டிய ஒன்றுக்கு நீங்கள் மாதக்கணக்கில் ஒரு முறை வகுத்திருக்கிறீர்கள். தீர்மானத்தின் இரண்டாவது பகுதியைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

"வாடகைக்கு இருப்பவர்கள் இன்று வருவார்கள், நாளை போவார்கள், கட்டடத்தில் அவர்களுக்கு என்ன அக்கறை" என்பது உங்கள் வாதம். அவர்கள் ஏன் போகிறார்கள் என்று யோசித்தீர்களா? என் வாடகைதாரர் அந்தக் கூரை விழுந்த பிறகு காலி செய்துவிட்டார். வாடகை ஒழுங்காக வந்தது, வீட்டைத் துடைத்து வைத்திருந்தார், அக்கம்பக்கத்தில் ஒரு சத்தமில்லை. வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால் ஆண்டு வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போச்சு, அதாவது 8 சதவீதத்துக்கும் மேல். அதோடு பெயின்ட், தரகர், புது ஆளைத் தேடும் அலைச்சல். இது என் நஷ்டம், உங்களுக்கு என்ன என்று கேட்கலாம். நல்லவர்கள் ஓடிப்போகும் கட்டடத்துக்கு யார் குடிவருவார்கள்? வேறு எங்கும் வீடு கிடைக்காதவர், அல்லது இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறவர். நீங்கள் எதைக் குற்றம் சொல்கிறீர்களோ அதை நீங்களே உண்டாக்குகிறீர்கள். கட்டடத்தின் பெயர் கெட்டால் சொந்த வீட்டில் குடியிருப்பவரும் விற்கும்போது அந்த விலையைத்தான் பார்க்கப் போகிறார்.

பராமரிப்புக் கட்டணம் உரிமையாளர்கள் கட்டுவது என்ற வாதமும் நிற்காது. நான் கட்டும் ஒவ்வொரு மாதக் கட்டணமும் அவர் தரும் வாடகையிலிருந்து வருகிறது. எந்த முதலீட்டாளரும் இதற்கென்று தனியாகச் சம்பாதித்துக் கட்டுவதில்லை.

உங்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. என்னைப் போன்ற உரிமையாளர்களில் சிலர் வாடகை வாங்குவதோடு சரி, போனை எடுப்பதில்லை. வீட்டுக்குள் பல்ப் போனாலும் பூட்டு சிக்கினாலும் "ஆபீஸ்ல சொல்லுங்க" என்று வாடகைதாரரை அனுப்பிவிடுகிறார்கள். அலுவலகத்தில் இருக்கும் ஓரிருவர் இதையெல்லாம் சுமக்க முடியாது என்பது உண்மை. வாடகைதாரர்களிலும் பிள்ளையின் பொம்மையைக் கழிப்பறையில் போட்டுவிட்டு அடைப்பு தானாக வந்தது என்பவர்கள் உண்டு. ஆனால் இதற்கு மருந்து எல்லைகளைத் தெளிவாகப் போடுவது. எல்லோருடைய புகாரையும் வாங்க மறுப்பது மருந்தாகாது.

எல்லை போடுவது கடினமான வேலையும் அல்ல. டக்டுக்குள் இருப்பது, வெளிச்சுவர், மொட்டைமாடி, தளம், பிரதானக் கழிவுநீர்க் குழாய், வீட்டு மீட்டர் வரை வரும் மின் இணைப்பு, இவை சங்கத்தின் பொறுப்பு. வீட்டுக்குள் கிளை பிரியும் குழாய், குழாய்முனை, ஹீட்டர், தரை டைல்ஸ் இடுக்கு, சுவிட்ச், இவை உரிமையாளர் பொறுப்பு. பயன்படுத்திப் பயன்படுத்தித் தேய்ந்துபோனது, அதாவது வாஷர் நைந்தது, சிலிக்கான் சுருங்கியது, பெயின்ட் மங்கியது, இவை தேய்மானம்; வாடகைதாரரிடம் கேட்கக் கூடாது, முன்பணத்தில் பிடிக்கவும் கூடாது. உடைத்தது, அடைத்தது, அனுமதியில்லாமல் சுவரைக் குடைந்தது, இவை மட்டும் வாடகைதாரர் பொறுப்பு. நான் வீட்டை ஒப்படைக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் அறை அறையாகப் படம் எடுத்து, பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். தகராறு வந்தால் படம் பேசும். சங்கம் வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடமே அங்கே இல்லை.

எனக்கு வீடு இருக்கும் வேறொரு கட்டடத்தில் குடியிருக்கும் யாரும், உரிமையாளரோ வாடகைதாரரோ, ஒரே எண்ணுக்குப் படத்தோடு செய்தி அனுப்பலாம். வந்த நேரம், வீட்டு எண், இடம் ஆகியவை பதிவாகும். அதே செய்தி உரிமையாளருக்கும் போகும். அவசரமானதற்கு முதலில் வால்வை மூடிவிட்டு அப்புறம்தான் யார் செலவு என்ற பேச்சு. அங்கும் சண்டை வராமலில்லை. பங்கு பிரிப்பதில் வாக்குவாதம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் தண்ணீர் நின்ற பிறகு நடக்கிறது.

மின்சாரம் பற்றி ஒன்று மட்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் நம் வீடுகளில் இருக்கிறது. ஈரமான சுவரில் அது திரும்பத் திரும்ப விழுந்தால், தொல்லை என்று அதைத் தாண்டி நேரடியாக இணைப்புக் கொடுக்கும் எலெக்ட்ரீஷியன்கள் உண்டு. வாடகைதாரர் சொல்லும் புகாரை வாங்காத அலுவலகத்துக்கு இது எப்படித் தெரியவரும்? உயிர் போன பிறகு உரிமையாளர் கையெழுத்துடன் கடிதம் எழுதுவதா?

ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1991இல், போதுமான வீடு என்றால் என்ன என்று விளக்கியபோது, குளிர், ஈரம், வெயில், மழை, கட்டட ஆபத்து ஆகியவற்றிலிருந்து குடியிருப்பவரைக் காப்பதையும் அதில் ஒரு கூறாக வைத்தது. குடியிருப்பவர் என்றுதான் அதில் இருக்கிறது, உரிமையாளர் என்றல்ல.

ஆகவே நான் கேட்பவை இவை.

தீர்மானத்தின் முதல் பகுதியை உடனே நிறுத்தி வையுங்கள். குடியிருப்பவர் யாராக இருந்தாலும் அவர் தரும் புகாரைப் பதிவு செய்து, பதிவு எண் கொடுத்து, அதன் பிரதியை உரிமையாளருக்கு அனுப்புங்கள். பணம் சம்பந்தப்பட்ட ஒப்புதலுக்கு மட்டும் உரிமையாளரைக் கேளுங்கள். மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ போதும் என்று எழுத்தில் வையுங்கள்.

கசிவு, கழிவுநீர் எதிர்த்து வருவது, மின்கசிவு, பூச்சு பெயர்வது ஆகியவற்றுக்குக் கூட்ட ஒப்புதல் தேவையில்லை என்று திருத்துங்கள். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆள் வந்து பார்த்து, கசிவை நிறுத்தியாக வேண்டும். இதற்கு ஒரு தொகையைச் செயலாளரின் பொறுப்பில் ஒதுக்குங்கள். கணக்கைக் கூட்டத்தில் பிறகு வைக்கலாம்.

'தவறான பயன்பாடு' என்று முடிவு செய்யும் அதிகாரத்தைக் குழு கைவிட வேண்டும். சோதனை செய்த பிளம்பர் அல்லது பொறியாளரின் எழுத்து அறிக்கையும் படங்களும் இல்லாமல் எந்த உரிமையாளர்மேலும் செலவைச் சுமத்தக் கூடாது. ஆய்வின்போது வாடகைதாரர் உடனிருந்து தன் பக்கத்தைச் சொல்ல இடம் வேண்டும்.

என் பெயரில் எழுதிய பில்லை ரத்து செய்யுங்கள். அது முடியாது என்றால், அந்த ஜாயிண்ட்டை என் வாடகைதாரர் எப்படி உடைத்தார் என்பதை எழுத்தில் தாருங்கள். அதுவரை அந்தத் தொகையைக் கட்டமாட்டேன். மாதப் பராமரிப்புக் கட்டணம் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். அதை நிறுத்தி மற்றவர்களைச் சிரமப்படுத்தும் எண்ணமில்லை.

கடைசியாக, அதே டக்டை ஒட்டிய எல்லா மாடிக் குளியலறைகளின் கூரைகளையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு சோதித்து, அறிக்கையை எல்லா வீடுகளுக்கும் அனுப்புங்கள், வாடகை வீடுகளுக்கும் சேர்த்து. அடுத்த பொதுக்குழுவில் இந்த மடலை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு முறைப்படி கோருகிறேன். நானும் வருகிறேன், டக்டைத் திறந்தபோது எடுத்த படங்களையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஓர் உரிமையாளர்